முட்டி ஜவ்வு கிழிந்தால்: அறுவை சிகிச்சை முதல் மறுபடி களம் இறங்கும் வரை

கபடியில் கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டு விழுந்து, உடம்பு ஒரு பக்கம் திரும்பி, கால் மட்டும் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டால் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்துபோகும். கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து ஆடுபவர்களுக்கும் இதே காயம் வருகிறது. பல சமயம் யாரும் மேலே மோதியிருக்கவே மாட்டார்கள். குதித்து இறங்கும்போதோ, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதோ நடந்துவிடும்.

என் தம்பிக்குக் கபடியில் இந்தக் காயம் ஏற்பட்டது. மருத்துவமனை, காப்பீட்டுக் கவுண்டர், பிசியோ மையம் என்று அவனோடு அலைந்தது நான். எங்கே கேட்டாலும் அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதத்தைப் பற்றி உட்கார வைத்து விளக்க ஆளில்லை. முட்டி மறுபடி கிழியுமா கிழியாதா என்பது பெரும்பாலும் அந்த ஒன்பது மாதத்தைப் பொறுத்தது. இன்னொரு குடும்பம் இப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. தொகைகள் நாங்கள் விசாரித்த அளவில் சொல்பவை, ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் முட்டியைப் பார்த்தவர் அவர்.

1. முதல் மூன்று நாள்: எதைச் செய்யக் கூடாது

காயம் படும் நேரத்தில் முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், அடுத்த சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம், காலை ஊன்றினால் முட்டி நழுவுவது போன்ற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எலும்பும் உடைந்திருக்கலாம், அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். முட்டி மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து இடையில் சிக்கியிருக்கலாம். அதையும் தள்ளிப் போடக் கூடாது.

ஆட்டத்தை அப்போதே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைக்கலாம். காலை உயர்த்தி வைத்து, மிதமான அழுத்தத்தில் கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊரில் எல்லோரும் ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவி விடலாம்’ என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டை உருவுவதும், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதும், இழுத்து ‘ஏற்றுவதும்’ வீக்கத்தைக் கூட்டும். முதல் மூன்று நாள் இவை எதுவும் வேண்டாம், மதுவும் வேண்டாம். வீக்கம் வற்றி இரண்டு வாரத்தில் நடக்க வந்துவிட்டால் ‘சரியாகிவிட்டது’ என்று மறுபடி களத்தில் இறங்குவது இன்னும் பெரிய ஆபத்து. ஜவ்வு இல்லாத முட்டி ஒவ்வொரு முறை நழுவும்போதும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிய வாய்ப்பிருக்கிறது.

2. யாரைப் பார்ப்பது, ஸ்கேன் எப்போது எடுப்பது

பொது மருத்துவரிடம் தொடங்கினாலும், முடிவெடுக்க ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு மூட்டுக்குள் செய்யும் சிகிச்சை) செய்யும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் படத்தைக் கேட்பதற்கு முன் அவர் கையாலேயே முட்டியை இழுத்துப் பரிசோதிப்பார். லாக்மேன் பரிசோதனை என்று அதற்குப் பெயர். கையை வைக்காமல் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுப்பவராக இருந்தால் இன்னொருவரையும் பார்ப்பது நல்லது.

எம்.ஆர்.ஐ. தனியாரில் ஏறக்குறைய 4,000 முதல் 8,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதைவிடக் குறைவு, காத்திருப்பு அதிகம். எங்கே எடுத்தாலும் அறிக்கையோடு ஃபிலிமையும் சி.டி.யையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சி.டி. இல்லாவிட்டால் இரண்டாவது மருத்துவர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். பணம் வீண்.

அறிக்கையைக் காட்டி மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஏ.சி.எல். முழுதாகக் கிழிந்ததா, பாதியா? மெனிஸ்கஸ் எப்படி இருக்கிறது? பக்கவாட்டு ஜவ்வுகளில் காயம் உண்டா? பின்னால் பிசியோ எப்படிப் போகும் என்பதை இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கும்.

3. அறுவை சிகிச்சை வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டும் என்பதில்லை. சுவீடனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு முதலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னால் அறுவை சிகிச்சை. இரண்டாவது பிரிவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு வருடம் வரை ஜவ்வு அறுவை சிகிச்சை இல்லாமலேயே சமாளித்தார்கள்.

ஓட்டம், சைக்கிள், நீச்சல், அலுவலக வேலை என்று இருப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. ஆனால் கபடி, கால்பந்து மாதிரி திரும்பித் திரும்பி ஆடும் ஆட்டத்துக்குத் திரும்ப நினைத்தால், அல்லது மெனிஸ்கஸையும் தைக்க வேண்டியிருந்தால், மருத்துவர்கள் பெரும்பாலும் அறுவை சிகிச்சையைத்தான் சொல்வார்கள். உங்களுக்கு எது என்று நேராகக் கேளுங்கள். எந்த வழியில் போனாலும் பிசியோதெரபி உண்டு.

புது ஜவ்வை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். தொடைப் பின்பக்கத் தசைநாரிலிருந்து எடுத்தால் அந்தத் தசைக்கு முதல் சில வாரம் பளு கொடுக்கக் கூடாது. முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள நாரிலிருந்து எடுத்தால் முழங்காலிட்டு உட்காரும்போது முன்பக்கம் வலி இருக்கலாம். கபடியில் மண்டியிட்டு விழாமல் ஆட முடியாது என்பதால் இது உங்கள் மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம்.

4. பணமும் காகிதங்களும்

தனியாரில் இந்த அறுவை சிகிச்சைக்கு 1.5 லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை சொல்கிறார்கள். ஜவ்வைப் பிடித்து வைக்கும் ஸ்க்ரூவும் பட்டனும்தான் இதில் ஒரு பெரிய பங்கு. மதிப்பீடு வாங்கும்போது அந்த இம்ப்ளாண்டின் விலையும் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். ‘ஒரு லட்சத்தில் முடித்துவிடலாம்’ என்று சொல்லிவிட்டு இம்ப்ளாண்டைத் தனியாக பில் போடுகிற இடங்களும் உண்டு.

அரசு வழி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. அட்டை இல்லாதவர்கள் எடுத்து வைக்க வேண்டியவை:

- குடும்ப அட்டை (பாதிக்கப்பட்டவர் பெயர் அதில் இருக்க வேண்டும்)
- குடும்ப உறுப்பினர்களின் ஆதார்
- வருமானச் சான்றிதழ்

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. விசாரணை முடிந்து தாசில்தார் ஒப்புதலோடு வரும். நாள் பிடிக்கும், அதனால் காயம் பட்ட வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். சான்றிதழ் கிடைத்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம், முன் அனுமதி. அட்டை இருந்தால் மட்டும் போதாது. மருத்துவமனை உங்கள் ஸ்கேன், அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பி, அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். ‘இப்போது பணம் கட்டுங்கள், அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் முதலில் போன இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். திட்டத்தின் எண்ணுக்குப் போன் செய்து கேட்ட பிறகு வேறு மருத்துவமனைக்கு மாறினோம். உங்கள் சிகிச்சை திட்டப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது, அந்த மருத்துவமனை அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று காப்பீட்டுக் கவுண்டரில் முதல் நாளே கேளுங்கள்.

தனியார் பாலிசி இருந்தால் மருத்துவர் எழுதும் குறிப்பை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். எந்தத் தேதியில், என்ன ஆட்டத்தில், எப்படிக் காயம் பட்டது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். புதுப் பாலிசிகளில் முதல் 30 நாள் காத்திருப்பும், சில நோய்களுக்கான 24 மாதக் காத்திருப்பும் இருக்கும். விபத்தால் வந்த காயத்துக்கு இவை பொருந்தாது என்பது பொதுவான விதி. குறிப்பில் வெறுமனே ‘முட்டி வலி, நாள்பட்டது’ என்று இருந்தால் அந்தச் சலுகையைக் கேட்டுப் பெறுவது கஷ்டம். ஆபத்தான சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடும்போது வரும் காயத்துக்குப் பாலிசி பணம் தராது என்றும் ஒரு விலக்கு உண்டு. அது மலையேற்றம், மோட்டார் பந்தயம், ஆழ்கடல் முக்குளிப்பு போன்றவற்றுக்கானது. கபடியை அதில் சேர்த்து மறுத்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து வந்த பின்னான செலவுக்கு பல பாலிசிகளில் 60 நாள் வரை இடம் உண்டு. பிசியோவை மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காலத்து பில்களைச் சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோதெரபி, எத்தனை வாரம் என்று எழுதச் சொல்லுங்கள்.

தேசிய அளவில் ஆடிய, வசதியில்லாத வீரர்களுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பண்டித தீனதயாள் உபாத்யாய தேசிய நல நிதி இருக்கிறது. போட்டிச் சான்றிதழ்கள் அனைத்தையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள்.

பிசியோவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். கையில் இருப்பதையெல்லாம் அறுவை சிகிச்சைக்குக் கொட்டிவிட்டு, இரண்டாவது மாதமே பிசியோவை நிறுத்திய பல பையன்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் கணக்கு இப்படி வரும். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு மூன்று அமர்வு, அடுத்த ஆறு வாரம் இரண்டு, அப்புறம் மூன்று மாதம் வாரம் ஒன்று, கடைசி மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 48 அமர்வு. அமர்வுக்கு 400 ரூபாய் என்றால் 19,200. ஜிம், பஸ் செலவு, கடைசிப் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து 30,000-லிருந்து 35,000 வரை ஆகும். அறுவை சிகிச்சைத் தேதி குறிக்கும்போதே இந்தத் தொகை கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் உண்டு. காலை ஓ.பி. நேரத்தில் போக வேண்டும், கூட்டம் இருக்கும். பயிற்சிகளை அங்கே கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்தால் தனியார் மையத்துக்குக் குறையாத பலன் கிடைக்கும்.

5. கத்தி வைப்பதற்கு முன்பே பயிற்சி

முட்டி மாட்டிக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுத்து அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். அந்த நாட்களைப் படுத்துக் கழிக்காதீர்கள். வீக்கம் வற்ற வேண்டும், முட்டி முழுதாக நீள வேண்டும், தொடை முன்பக்கத் தசையை இறுக்கும் பழக்கம் திரும்ப வேண்டும். விறைத்த முட்டியோடு உள்ளே போனால் வெளியே வரும்போதும் விறைப்பாகவே இருக்கும்.

இப்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். நல்ல காலின் பலத்தை அளந்து எழுதுங்கள். ஒற்றைக் காலில் எத்தனை சென்டிமீட்டர் தாண்டுகிறது, லெக் பிரஸ்ஸில் எத்தனை கிலோவை பத்து முறை தள்ளுகிறது என்று. கடைசிப் பரிசோதனையில் அறுவை சிகிச்சை செய்த காலை நல்ல காலோடுதான் ஒப்பிடுவார்கள். ஆனால் ஆட்டம் இல்லாத மாதங்களில் நல்ல காலும் இளைத்துப் போகும். இரண்டும் சமமாகப் பலவீனமாக இருப்பதைப் பார்த்து ‘90 சதவீதம் வந்துவிட்டது’ என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

6. மருத்துவமனை நாட்கள்

ஒன்றிலிருந்து மூன்று நாள் இருக்க வேண்டி வரும். வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர், எல்லா பில்களும் கையில் இருக்க வேண்டும். எந்தத் தசைநாரை எடுத்தார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்களா வெட்டினார்களா என்பது அந்த அறுவை சிகிச்சைக் குறிப்பில்தான் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இந்தப் பகுதியை நோயாளியோடு இருப்பவர் கட்டாயம் படிக்க வேண்டும். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின், இறுகக் கட்டிய கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலை இழந்து, உயிரையும் இழந்தார். விரல்கள் மரத்துப் போனாலோ, நீலமாகவோ வெளுத்தோ போனாலோ, ஜில்லென்று இருந்தாலோ, மருந்துக்குக் கட்டுப்படாமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ இரவு இரண்டு மணியானாலும் மருத்துவரை வரவழையுங்கள். ‘ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும்’ என்ற பதிலோடு நிற்க வேண்டாம். கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலிலிருந்து நீர் வடிதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

7. பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் படித்தவரா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஸ்போர்ட்ஸ் பிரிவில் எம்.பி.டி. என்ற மேல்பட்டம் படித்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் படிப்பைவிட ஒரு கேள்வி முக்கியம்: ‘ஏ.சி.எல். ஆனவர்களை ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? எப்படி முடிவு செய்வீர்கள்?’ தாண்டும் பரிசோதனை, தசைப் பலத்தை அளப்பது என்று பதில் வந்தால் சரியான இடம். ‘ஆறு மாதம் ஆனால் ஆடலாம்’ என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

நாங்கள் போன ஒரு மையத்தில் தினமும் கரண்ட் வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் வைப்பார்கள், மெழுகு ஒத்தடம் கொடுப்பார்கள். முக்கால் மணி நேரம் படுத்தே கழியும். தசையைத் தூண்டும் மின்சாரம் முதல் சில வாரம் தொடைத் தசையை எழுப்ப உதவும், அது உண்மை. மற்றபடி எந்த இயந்திரமும் உங்களுக்குப் பதிலாகப் பளு தூக்காது. மூன்றாவது மாதத்திலும் வியர்க்காமல் வீடு திரும்புகிறீர்கள் என்றால் மையத்தை மாற்ற வேண்டிய நேரம் அது.

மாதக் கட்டணம் மொத்தமாகக் கேட்டால் முதல் மாதம் தனித்தனி அமர்வாகக் கட்டிப் பாருங்கள்.

8. ஒன்பது மாதம் எப்படிப் போகும்

புது ஜவ்வு உள்ளே வைத்த அன்றைக்கே பலமாக இருப்பதில்லை. நட்ட நாற்று முதலில் வெளிறிப்போய் நின்று, வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். இதுவும் அப்படித்தான். இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் உள்ளே வைத்த நார் பலம் குறைந்து இருக்கும். வலி குறைந்து ‘நன்றாக இருக்கிறேன்’ என்று தோன்றுவதும் அதே நேரத்தில்தான். ஆபத்து அங்கேதான்.

முதல் இரண்டு வாரம்: முட்டி முழுதாக நீள வேண்டும். இதுதான் முதல் வேலை. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். தொடைத் தசையை இறுக்குவது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, காலை நேராகத் தூக்குவது என்று ஒரு நாளைக்குப் பல முறை. தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில்.

ஆறாவது வாரம் வரை: 90 பாகை, அப்புறம் 120 பாகை வரை மடக்குவது, நொண்டாமல் நடப்பது, நிற்கும் சைக்கிள். மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் இந்தக் கட்டம் மெதுவாகப் போகும். நான்கு முதல் ஆறு வாரம் முழு எடையை ஊன்றக் கூடாது, ஆழமாகக் குந்தக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் இந்தியக் கழிப்பறைதான் என்றால் ஒரு கமோடு நாற்காலியை முன்பே வாங்கி வையுங்கள்.

மூன்றிலிருந்து ஆறாவது மாதம்: பளு. ஸ்குவாட், படி ஏறி இறங்குதல், ஒற்றைக் கால் ஸ்குவாட், லெக் பிரஸ், இடுப்புத் தசைகள். பலர் கைவிடுவது இங்கேதான், ஏனென்றால் நடக்க முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது, பயிற்சி சலிப்பாக இருக்கிறது. ஊர் ஜிம்மில் மாதம் 1,000 ரூபாய்க்கு இந்தக் கட்டத்தை முடிக்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் வாரத்துக்கு ஒருமுறை போய் எடையை ஏற்றிக்கொள்ளுங்கள். மெதுவோட்டம் மூன்று, நான்கு மாத வாக்கில் தொடங்கும். நாட்காட்டியை மட்டும் வைத்து ஓடாதீர்கள். வீக்கம் இல்லாமல், நல்ல காலின் பலத்தில் 70 சதவீதமாவது இந்தக் காலுக்கு வந்த பிறகு ஓடுங்கள். ஓடிய மறுநாள் முட்டி வீங்கினால் அந்த அளவு அதிகம் என்று அர்த்தம், ஒரு படி கீழே வாருங்கள்.

ஆறிலிருந்து ஒன்பதாவது மாதம்: குதித்து இறங்குவது, திசை திரும்புவது, ஆட்டப் பயிற்சி. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். கபடிக்கு என் தம்பியின் பிசியோதெரபிஸ்ட் வைத்த வரிசை இது: முதலில் தனியாகக் கால் அசைவு, அப்புறம் போனஸ் கோடு, டோ டச் (கால்விரலால் எதிராளியைத் தொடுவது), அதன் பிறகு எந்தப் பக்கம் பிடி வரும் என்று முன்பே சொல்லிவிட்டுப் பாதி வேகத்தில் பிடி, பின்பு சொல்லாமல் பிடி. ஆங்கிள் ஹோல்டு எல்லாவற்றுக்கும் கடைசி. கோச்சிடம் இந்த வரிசையை எழுதிக் கொடுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ‘ஒரு ரெய்டு மட்டும் போய்ட்டு வா’ என்று அனுப்பிவிடுவார்.

9. திரும்புவதற்கு முன் பரிசோதனை

நார்வேயில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். ஒன்பதாவது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பரிசோதனையில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி முட்டியில் காயம். தேறித் திரும்பியவர்களில் அது 6 சதவீதத்துக்குள். வயது குறைவாக இருந்தால் ஆபத்து அதிகம். 25 வயதுக்கு உட்பட்டு ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ மறுபடி கிழிந்திருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பரிசோதனை பெரிய மர்மம் இல்லை. ஒற்றைக் காலில் ஒரு தாண்டு, தொடர்ந்து மூன்று தாண்டு, கோட்டின் குறுக்காக மாறி மாறி மூன்று தாண்டு, ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் எத்தனை நொடியில் கடக்கிறீர்கள் என்பது. இதற்கு ஒரு அளவு டேப்பும் ஸ்டாப்வாட்சும் போதும். நல்ல கால் 150 செ.மீ. தாண்டினால் அறுவை சிகிச்சை செய்த கால் 135-ஆவது தாண்ட வேண்டும். அதுதான் 90 சதவீதம். தொடைப் பலத்துக்கும் அதே 90. பலத்தைத் துல்லியமாக அளக்கும் ஐசோகைனடிக் இயந்திரம் பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில்தான் இருக்கும். கிடைக்காதவர்கள் ஜிம் இயந்திரத்தில் ஒவ்வொரு காலாக அளக்கலாம்.

ஒன்பது மாதம் முடிய வேண்டும், பரிசோதனையிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. பொங்கல் டோர்னமெண்டோ, தேர்வுப் போட்டியோ நெருங்குகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால் பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள். கல்லூரி வீரர்கள் மருத்துவச் சான்றிதழை முதல் மாதமே உடற்கல்வித் துறையில் கொடுத்துவிட்டால் இந்த நெருக்கடி குறையும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை ‘எனக்கு வலியே இல்லை’ என்று கெஞ்சும். வலி இல்லாததும் ஜவ்வு தயாராக இருப்பதும் வேறு வேறு.

10. ஆடத் தொடங்கிய பிறகு

பயிற்சி இங்கே நிற்கக் கூடாது. ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 20 நிமிடம், 15 பயிற்சி, இயந்திரம் எதுவும் வேண்டாம். கால்பந்துக்காக வந்தது என்றாலும் அதிலுள்ள சைடு பிளாங்க், ஒற்றைக் கால் நிலை, ஸ்குவாட், குதித்து இறங்குதல், தொடைப் பின்தசைக்கான நார்டிக் பயிற்சி எல்லாம் கபடிக்கும் பொருந்தும். வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும். காயம் பட்டவர் மட்டும் ஓரமாக நின்று செய்தால் நான்கு நாளில் விட்டுவிடுவார். மொத்த டீமும் செய்தால் நிலைக்கும், மற்றவர்கள் முட்டிக்கும் காவல். உங்கள் கோச்சிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆடும் அளவையும் படிப்படியாகக் கூட்டுங்கள். கோடையில் அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஊரில் ஆட்டம் இருக்கும், விடியற்காலை வரை நீளும். முதல் சீசனில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். மண் களமாக இருந்தால் ஆடுவதற்கு முன் ஒரு முறை நடந்து பள்ளம், கல் பாருங்கள்.

வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஆடினால் காயம் கூடும். அதோடு 2022 ஜனவரி 1 முதல் எந்த வழியில் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி தடை. ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் மாநில, தேசியப் போட்டிகளில் ஆடுபவர்கள் மருத்துவக் காரணத்துக்காக அப்படி ஊசி போட வேண்டி வந்தால், சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஊசியின் பெயர், தேதி, போட்ட மருத்துவரின் சீட்டு மூன்றையும் கோப்பில் வையுங்கள்.

தாண்டும் பரிசோதனையை ஆட்டத்துக்குத் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்து எண்களை அதே நோட்டில் எழுதி வாருங்கள். 90-க்குக் கீழே இறங்கினால் அந்த வாரப் போட்டியை விட்டுவிட்டு, மறுபடி ஜிம்முக்குப் போங்கள்.